இருவாச்சிக் காவில் அனல்வேந்தன் தேர்

ஏழு கழிகளுக்குக் காவலரும், நெடுவரை நாட்டின் தென்கரை மண்டலத்தைத் தம் தோளில் தாங்குபவரும், பகைவர் வணங்கும் யானைக்கொடிக்கு உரியவருமாகிய இளங்கோ மாறவேள் அவர்களின் திருமுன், பேரரசி வானவல்லி நாச்சியாரின் திருவாணைப்படி, காவிதி எயினன் கீரன் தலைவணங்கி வரையும் ஓலை. தங்கள் கழிகளில் நீர் வற்றாதிருக்க; தங்கள் குடிகள் பசி அறியாதிருக்க; தங்கள் மண்டலத்து வழக்குகள் மன்றம் ஏறுமுன்னே தீர்ந்து போக.

இங்குப் பேரரசியார் நலம். அரண்மனை நலம். அடியேனும் நலம் என்று எழுதுவதே முறை.

தங்கள் ஓலை அவையில் படிக்கப்பட்டது. கூத்தர் குழுவின் தலைவர் தாமனார் தங்களை அணுகி, நாரைக்காவின் கரையில் அனல்வேந்தன் தேர் அமைக்க இசைவு கேட்டதாகவும், பறவைக்கும் விலங்கிற்கும் என விடப்பட்ட சோலையில் கூத்துக்கதையின் நாயகனுக்குத் தேர் ஓட்டுவது தகுமா என்று தாங்கள் ஐயுறுவதாகவும் அறிந்தோம். பேரரசியார் ஓலையைச் சுருட்டி என் பக்கம் நீட்டி, அந்தத் தேர் ஓடிய இருவாச்சிக் காவில் ஒரு பருவம் முழுவதும் இருந்தவர் நீர்தாம், நீரே விடை எழுதும் என்று பணித்தார். இந்த வினாவை என்னிடம் கேட்டவர் பலர். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டனர். தாங்கள் அறியாமல் கேட்கிறீர்கள் என்பதால், களைப்பை ஒதுக்கிவைத்து நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இருவாச்சிக் காவு பேரரசியாரின் தந்தையார் அமைத்தது. ஒரு மலைச்சரிவு முழுவதற்கும் மதில் எடுத்து, உள்ளே வேட்டையை விலக்கி, எல்லாக் குடிகளும் வந்து மரத்தையும் உயிர்களையும் கண்டு மகிழட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார். ஓடையில் தெப்பம் விட்டார். உயர்ந்த மரங்களுக்கிடையே கயிற்றுப் பாலம் கட்டினார். உருளையில் ஏறி மரத்தின் உச்சிக்குச் செல்ல ஒரு கூடையும் உண்டு. ஆகவே, சோலையில் விளையாட்டே கூடாது என்று வாதிடுவோர் அந்தச் சோலையைப் பார்க்காதவர்கள்.

சில ஆண்டுகளாக அங்கே மக்கள் வரவு குறைந்தது. காரணம் ஊரறிந்தது. தாமனாரின் குழு ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் ஆடும் அனல்வேந்தன் கதையைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். நெருப்புக் குதிரை ஏறிப் பாதாள உலகங்களை வெல்லும் அந்த நாயகன் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஓர் இக்கட்டில் மாட்டிக்கொண்டு நிற்பான்; அவன் மீண்டானா என்று அறிய மறு ஆண்டு வரை நாடு காத்திருக்கும். பிள்ளைகள் சிவப்புத் துணி கட்டித் திரிகிறார்கள். உழவர் தம் காளைக்கு அவன் பெயரை வைக்கிறார்கள். காவின் வாயிலிலோ புல் முளைத்தது. அந்த நாயகனையே காவுக்குள் அழைத்துவந்தால் மக்கள் வருவார்களே என்று அவையில் ஒருவர் சொல்ல, ஒரு பருவம் சோதித்துப் பார்க்கலாம் எனப் பேரரசியார் இசைந்தார். அருகிருந்து பார்த்து முடிவு சொல்லும் பணி எனக்கு வாய்த்தது.

காவின் தலைவி நெய்தலி. படைத்தலைவர் குடியில் பிறந்தவர். அரண்மனைப் பதவிகளை வேண்டாமென்று விட்டு இந்தச் சரிவுக்கு வந்தவர். பேசும்போது நம் முகத்தைப் பாராமல் நமக்குப் பின்னால் உள்ள மரத்தையே பார்ப்பார். தாமனார் இனிய குரலுடையவர். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் சொல்பவர். அவரைப் பொய்யர் என்று எழுத முடிந்தால் என் வேலை எளிதாகியிருக்கும். அவர் பொய்யர் அல்லர்.

தேர் என்பது உண்மையில் சறுக்குத்தேர். ஓடை நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அது வடத்தை இழுக்க, நெருப்புக் குதிரை வடிவில் செய்த பெட்டிகள் மக்களோடு சரிவில் ஏறும். உச்சியிலிருந்து மரப்பாதையில் வளைந்து வளைந்து பாய்ந்து இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் குங்கிலியப் புகையும் முரசொலியும் உண்டு. கடைசி வளைவில் அனல்வேந்தனாக நடிக்கும் சேந்தன் என்பவர் வாளுயர்த்தி நிற்பார். முறைப்படி யானும் ஏறினேன். தலைப்பாகை பறந்து போயிற்று. யான் வாய்விட்டுச் சிரித்தேன். அதை இங்கே மறைப்பதில் பயனில்லை.

மக்கள் வந்தனர்; திரண்டு வந்தனர். வாயிலில் நுழைந்து, தேரின் வரிசைக்கு ஓடி, ஏறி இறங்கி, மீண்டும் வரிசைக்கே ஓடினர். தெப்பங்கள் கரையில் காய்ந்தன. நெய்தலி என்னிடம் வந்து, இவர்கள் காவுக்கு வரவில்லை, கூத்துக்கு வந்திருக்கிறார்கள், காவு அவர்களுக்கு வழியில் நிற்கும் வேலி என்று முறையிட்டார். தாமனாரை வினவினேன். வரிசையில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், அவர்களில் பலர் ஒரு மரத்தை முழுதாகப் பார்ப்பதே இப்போதுதான், ஆளே வராத சோலையை யாருக்காகக் காப்பது என்று அவர் மறுமொழி கூறினார். இருவர் கூற்றும் மெய்.

காவுக்குப் பெயர் தந்த இருவாச்சிப் பறவையின் இயல்பைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். முட்டையிடும் காலத்தில் பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, மண்ணாலும் எச்சத்தாலும் வாயிலை அடைத்துக்கொள்ளும். ஓர் அலகு நுழையும் பிளவு மட்டுமே மிஞ்சும். உள்ளே அது தன் சிறகுகளை உதிர்த்துவிடும். குஞ்சு வளரும் வரை ஆண்பறவை வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து பிளவின் வழியே ஊட்டும். அத்தகைய கூடு ஒன்று தேரின் நடுவளைவுக்கு அருகில் இருந்த பழைய மரத்தில் இருந்தது. தேர் அமைத்தபோது அது வெறும் பொந்து.

வேனில் விழாவின் நாளன்று நெய்தலி என்னிடம் விரைந்து வந்தார். அவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே தருகிறேன். "ஆண்பறவை கூட்டுக்கு வரலைங்க. வாயில அத்திப்பழத்தை வச்சுக்கிட்டு எதிர்க் குன்றுல உக்காந்திருக்கு. முரசு நின்னா பறந்து வரப் பாக்குது. மறுபடி முரசு கேட்டதும் திரும்பிப் போயிடுது. முந்தாநாள்லேருந்து இப்படித்தான். உள்ள இருக்கிறவளுக்குச் சிறகு இல்லை. வெளிய வந்தாலும் அவளால பறக்க முடியாது." அன்றுதான் முதன்முறையாக அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

தேரை நிறுத்தச் சொன்னேன். தொலைவிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் விடியலிலிருந்து வரிசையில் நின்ற நாள் அது. முரசு நின்றதும் வரிசை குமுறியது. இடுப்பில் குழந்தையோடு நின்ற நெசவுக்காரப் பெண் ஒருத்தி என்னை நோக்கி, "நாங்க அனல்வேந்தனைப் பாக்க வந்தோம். மரம் எங்க ஊர்லயும் இருக்குதுங்க" என்றாள். அவள் குரலில் சினம்கூட இல்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்த அலுப்புதான் இருந்தது. பின்னால் நின்றவர்களோ வேலியைப் பிடித்து உலுக்கத் தொடங்கினர். காவலர் ஈட்டிகளைத் தாழ்த்தினர். தேரை ஓட்டினால் பொந்துக்குள் ஓர் உயிர் போகும்; ஓட்டாவிட்டால் வேலியருகே எத்தனை போகுமோ என்று யான் அஞ்சினேன்.

அப்போது சேந்தன் கடைசி வளைவிலிருந்து இறங்கி வந்தார். செந்நிற உடை உடம்பில் இருந்தது. முடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அருகில் பார்த்தால் குள்ளமான மனிதர். புகையில் கம்மிய குரல். அவரைக் கண்டதும் வேலியை உலுக்கிய கைகள் நின்றன. அவர் சொன்னது இதுதான். "ஐயாமாரே, அம்மாமாரே, இப்ப ஒரு காட்சி இருக்கு. இதுல எனக்குப் பேச்சு கிடையாது. உங்களுக்கும் கிடையாது. யாராவது சத்தம் போட்டா காட்சி கெட்டுப்போகும். அந்த மரத்தைப் பாத்துக்கிட்டு எல்லாரும் உக்காருங்க."

சொன்னவர் மக்களுக்கு முதுகு காட்டி மரத்தை நோக்கித் தரையில் அமர்ந்தார். முன்வரிசை அமர்ந்தது. பின்னர் சரிவு முழுவதும் அமர்ந்தது. அழுத பிள்ளைகளைத் தாய்மார் மார்போடு அணைத்தனர். வெயில் தலையில் இறங்கியது. நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு துருத்தி ஊதுவது போன்ற சிறகொலி கேட்டது. அந்தப் பெரிய பறவை குன்றைக் கடந்து வந்து, ஒரு கிளையில் தயங்கி, பின் மரத்தைப் பற்றிக்கொண்டது. பிளவின் வழியே உள்ளிருந்து ஓர் அலகு நீண்டது. பழம் ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து வந்தது. ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. என் பக்கத்திலிருந்த காவலன் தன் ஈட்டியை ஓசையின்றித் தரையில் கிடத்தினான். நெசவுக்காரப் பெண் குழந்தையின் தலையை மெல்ல மரத்தின் பக்கம் திருப்பினாள்.

வழக்கு முடிந்தது, கூத்தும் காவும் கைகோத்துவிட்டன என்று மகிழ்ந்து பேரரசியாருக்கு ஓலையும் எழுதிவிட்டேன். அது அவசரம் என்று மறுநாளே தெரிந்தது.

மறுநாள் முன்னிலும் பெருங்கூட்டம். சேந்தன் மரத்தடியில் அமரும் காட்சி எப்போது என்று வாயிலிலேயே கேட்டனர். முரசு ஓய்ந்திருந்தது, அவர் வந்து அமர்ந்தார், மக்களும் அமர்ந்தனர். பறவை சிறகை விரித்து வந்ததுதான் தாமதம், சரிவு முழுவதும் கைதட்டி அனல்வேந்தன் பெயரைச் சொல்லி முழங்கியது. பறவை கிளையைத் தொடாமலே திரும்பிற்று. நேற்றுப்போல இன்று இல்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டு போயினர்.

அன்று சேந்தன் தனியே என்னிடம் வந்தார். "ஐயா, கைதட்டு எனக்குத்தான் வந்துச்சு. பறவைக்கு வரலை. நான் நிக்கிற இடத்துல வேற எதையும் யாரும் பாக்க மாட்டாங்க. அது என் தொழிலு, அதுல எனக்கு வெக்கமும் இல்ல. ஆனா இந்த இடத்துல அது வேணாங்க. என்னை வெளிய அனுப்பிடுங்க" என்றார். இரு தரப்பும் சொல்லித் தீராததை அந்த நடிகர் சொல்லி முடித்தார். அதன்பின் முடிவு எழுத எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

தேரைப் பிரித்து, மதிலுக்கு வெளியே, ஆற்றின் அக்கரையில் உள்ள கல்வெளியில் அமைக்க ஆணையிட்டேன். தாமனார் சினந்தார், தேரில் ஏறியவர்கள் இனி ஆற்றைத் தாண்டிக் காவுக்கு வரமாட்டார்கள் என்றார். பெரும்பாலோர் வருவதில்லைதான், சிலர் பாலம் கடந்து வருகிறார்கள். காற்று திரும்பினால் புகை வருகிறது என்று நெய்தலியும் மனம் ஆறவில்லை. பருவ முடிவில் பெண்பறவை கூட்டை உடைத்து, புதுச் சிறகோடு வெளிவந்தது. குஞ்சு ஒன்று உடன் வந்தது. பொந்துக்குள் மற்றொன்று இறந்து கிடந்தது. பசியால் போயிற்றா, எப்படியும் பிழைத்திராதா என்று நெய்தலியிடம் கேட்டேன். தெரியவில்லை என்றார். எனக்குத் தேறுதல் சொல்வதற்காக வேறெதையும் அவர் சொல்லவில்லை, அதற்கு நன்றியுடையேன்.

ஆகவே, மாறவேள் பெருந்தகையே, தங்கள் வினாவுக்கு விடை இது. தேர் தீயதன்று, அந்தக் கதையும் தீயதன்று, மக்கள் மகிழ்ச்சி அற்பமும் அன்று. கயிற்றுப் பாலமும் தெப்பமும் காவில் பொருந்தின. அவற்றில் ஏறியவர் மரத்தையும் நீரையும் பார்த்தனர். தேரில் ஏறியவர் அனல்வேந்தனைப் பார்த்தனர். நாரைகளைக் காட்டும் பொறி எதுவாயினும் உள்ளே விடுக. நாரைகளை மறக்கச் செய்யும் பொறி எத்துணை அழகாயினும் வெளியே நிறுத்துக.

இதன்மேல் பேரரசியாரின் ஆணை: அனல்வேந்தன் தேர் நாரைக்காவின் கரைக்குள் அமையலாகாது. மேற்கே உள்ள உவர்நிலத்தைக் கூத்தருக்கு அளிக்கக் கடவீர். கூடு கட்டும் காலத்தில் அங்கும் முரசு ஒலிக்கலாகாது.

ஆணையில் இல்லாத ஒன்றை என் பொறுப்பில் வேண்டுகிறேன். தாமனார் இப்போது இருவாச்சியை வைத்துப் புதுக்கூத்து எழுதுகிறார். அந்த ஆண்பறவைக்கு என்ன பெயர் என்று நெய்தலியைக் கேட்டார். பெயர் இல்லை, இல்லாமலே இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். தங்களிடமும் நாரைகளின் பெயர் கேட்டு வருவார். அவருக்கு விருந்தளித்து, பெயர் தராமல் அனுப்புக.

தான் புறப்பட்ட நாளிலேயே கூத்தர் நாரைக்காவின் கரையோரம் முரசுகளைக் கட்டிக்கொண்டிருந்ததாக, யான் எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கள் தூதன் சொல்கிறான். நாரைகள் இப்போது முட்டைமேல் இருக்கும். ஆதலால் அரசவை கூடும்வரை காத்திராமல், பேரரசியார் என் கையில் ஒப்படைத்த வேங்கைப்பூ முத்திரையை இந்த ஓலையில் இப்போதே இட்டு, குதிரை மாற்றிக் குதிரையில் அனுப்புகிறேன். வாழ்த்தும் வணக்கமும் பிறகாகட்டும். இதைப் படிப்பவர் ஓலையைக் கீழே வைக்குமுன் அந்த முரசுகளை அவிழ்க்கச் சொல்லக் கடவர்.