சிவப்புச் சக்கை, வெள்ளை மணி

புதுப்பட்டினம், கல்பாக்கம்
20.10.2024

அன்புள்ள ரூத்துக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? போனில் பேசினால் இரண்டு பேர் மூச்சு மட்டும்தான் கேட்கிறது, அதனால் நீ சொன்னபடி கடிதமே எழுதுகிறேன். மெழுகுக் காகிதப் பைகள் வந்து சேர்ந்தன. லூதியானா பனியில் பூக்காது என்று நீ என்னிடம் விதைக்கக் கொடுத்த மக்காச்சோளம் இங்கே என் தோளுக்கு நிற்கிறது. பக்கத்து வயல் உலகநாதன், "இன்னா ஜெரோமு, சோளத்துக்குக் குல்லா மாட்டப் போறியாமே? உங்க வூட்ல எல்லாம் இப்படித்தானா?" என்று தினமும் கிண்டல் பண்ணுகிறார். அவர் போட்டிருப்பது கறுப்பு மக்காச்சோளம், மாமல்லபுரம் கடற்கரையில் அவித்து விற்க.

ஷிப்டு முடிந்து வருகிறேன், தண்ணீர் பாய்ச்சுகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வேறு ஒன்றும் இல்லை. நம் பிள்ளை சிநேகா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிரிந்துவிடலாமா என்று கேட்டுவிட்டு அங்கே சோள ஆராய்ச்சி வேலைக்குப் போனாய். கிறிஸ்துமஸுக்குள் முடிவைச் சொல். எதுவானாலும் சரி.

இப்படிக்கு,
ஜெரோம்

லூதியானா
26.10.2024

ஜெரோம்,

முதலில் சோளம். இது வெள்ளை மணி, மணியை உதிர்த்தால் மிஞ்சுகிற சக்கை சிவப்பு. சக்கையின் நிறமும் மணியின் மேல்தோலும் தாய்ச்செடியுடையவை, எந்த மகரந்தம் வந்தாலும் மாறாது. தோலுக்கு அடியில் இருக்கிற மெல்லிய அடுக்கு மட்டும் தாய், தகப்பன் இரண்டு பேருடையது. அதனால் உலகநாதன் அண்ணன் வயல் மகரந்தத் தூள் விழுந்த மணி இந்த அறுப்பிலேயே கருநீலமாகிவிடும். கதிரின் நுனியில் மகரந்தம் பிடிக்கிற நூல் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே பையை மாட்டிவிடுங்கள். பிறகு அதே செடியின் தூளைத் தட்டி எடுத்து நூலில் தூவி, மறுபடி மூட வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது. என்னிடம் வேறு விதை இல்லை. இங்கே வந்ததிலிருந்து செய்த வேலை அது.

மற்றதை எழுதத் தெம்பில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ரூத்

லூதியானா
4.1.2025

ஜெரோம்,

கதிர்கள் வந்தன. சக்கை நான் எதிர்பார்த்த அதே சிவப்பு. மணிகளில் பாதி கருநீலம். வெள்ளையாக இருப்பதையும் இனி நம்ப முடியாது, எல்லாம் குப்பை.

நான் கேட்டது ஒரே ஒரு காரியம். கோபம்கூட வரவில்லை, வந்தாலாவது நன்றாக இருக்கும். பிள்ளையைப் புதைத்த நாலாம் நாளே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் பஸ் ஏறினவர் நீங்கள். உங்களுக்கு எதுவும் உறைக்காது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரிந்துவிடலாம். பேப்பரை அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எந்த நாளில் பை மாட்டவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள். ஆராய்ச்சிக் குறிப்பில் போட வேண்டும்.

ரூத்

புதுப்பட்டினம்
11.1.2025

அன்புள்ள ரூத்துக்கு,

நவம்பர் இரண்டாம் தேதி. கல்லறைத் திருநாள்.

அன்றைக்குத்தான் நூல் வரும்போல இருந்தது. கல்லறைக்குப் போய்விட்டு அப்படியே வயலுக்குப் போகலாம் என்று பைகளையும் எடுத்துப் போனேன். கடல் காற்று பேய்க்காற்றாக அடித்தது. சிநேகாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி ஒன்றும் நிற்கவில்லை. மற்ற இடங்களில் ஒருத்தர் முந்தானையால் மறைக்க இன்னொருத்தர் ஏற்றினார்கள். நான் ஒற்றை ஆள். அந்தப் பைகளில் கொஞ்சம் மணல் போட்டு உள்ளே வத்தியை வைத்துப் பார்த்தேன். அணையவில்லை. கையில் இருந்த எல்லாப் பைகளிலும் வைத்தேன். எரிந்து முடிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வயல் ஞாபகம் இருந்தது ரூத். எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் போனபோது நூல் வெளியே தொங்கியது. அறுத்து உரித்தபோதே கருநீலம் தெரிந்தது. எழுத வரவில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன்.

பஸ் ஏறியது உண்மை. வீட்டில் அவள் செருப்பு கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. அழுகை அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. என்னமோ மரத்துப்போய்விட்டது.

பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜெரோம்

லூதியானா
20.1.2025

அன்புள்ள ஜெரோமுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு லேபிலேயே ஓவென்று அழுதேன். பக்கத்து மேசைப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அடக்கம் முடிந்த நாளிலிருந்து நான் அங்கே ஒரு தடவைகூடப் போகவில்லை. யாரும் இல்லாமல் அவள் தனியாகக் கிடக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். நீங்கள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

குறிப்பில் தேதியையும் காரணத்தையும் உள்ளபடியே எழுதினேன். 

பேப்பரில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிப்ரவரி முதல் தேதி, சனிக்கிழமை காலை செங்கல்பட்டில் இறங்குகிறேன். வீட்டுக்கு வேண்டாம், சமையல் கிமையல் என்று எதுவும் செய்து வைக்காதீர்கள். நேரே அவளிடம் கூட்டிப் போங்கள். எந்த வரிசை, எந்தப் பக்கம் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை ஜெரோம்.

ரூத்