சுவரில் ஒட்டிய ஆஸ்திரேலியா

நைனா,

இன்று காலை பசை காய்ச்சினேன். மைதாவைக் கட்டி இல்லாமல் கரைத்து ஸ்டவ்வில் ஏற்றி, கொதி வரும் நேரத்தில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் தூவினேன். பூச்சி அரிக்காமல் இருக்க நீ போடச் சொல்லும் அதே அளவு. அந்த நெடி மூக்கில் ஏறியதும், "கைய கழுவாம சோத்துல வச்சிடாத, வெசம்" என்று நீ பின்னால் நின்று சொல்வது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. யாரிடமும்தான் பேசியதில்லை. எழுதும்போது எனக்குப் பயம் குறைவு, அதனால் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவரி மாமா வீட்டுக்கு வந்தார். உன்னோடு இருபது வருஷம் ஒரே கேங்கில் மூட்டை இறக்கியவர், சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன்னால் நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி. அம்மா இறந்து, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள நான் எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்ற வருஷம். மழைக்கு முன்னால் நம் பலகை வீட்டுக்கு உள்பக்கம் பேப்பர் ஒட்ட வேண்டும். ராயபுரத்தில் நம் சந்து முழுக்க அதே வழக்கம்தான். கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்துப்போட்ட பேப்பரையும் சாக்கையும் ஹார்பரில் ஷெட் கிளார்க்கிடம் சீட்டு வாங்கி, கேட்டில் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் அந்த வருஷம் எந்த நாட்டுக் கப்பல் வந்தது என்று சொல்லிவிடலாம்.

நீ ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். "இந்தா, கெட்டிப் பேப்பரு. ஆஸ்திரேலியா கோதும கப்பல்ல ஒரு பெட்டி ஒடஞ்சி குப்பையா கெடந்துச்சி. சீட்டு போட்டுத்தான் எடுத்தாந்தேன்" என்றாய்.

நீ முகம் கழுவப் பின்பக்கம் போனதும் நான் மேலுறையைப் பிரித்தேன். அதில் இங்கிலீஷில் பெரிய எழுத்தில், பள்ளிக்கூட உபயோகத்துக்கு என்று அச்சடித்திருந்தது. கீழே ஒரு கான்வென்ட்டின் விலாசம், நம் மெட்ராஸ்தான். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். உனக்கு இங்கிலீஷ் மட்டுமில்லை, தமிழும் கைநாட்டு. நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும்.

சொல்லியிருப்பேன், நைனா. அதற்குள் சுருள் விரிந்துவிட்டது. பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றும் பாயில் பாதி அகலம். முழு நாட்டின் வரைபடம், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவர்கள், தங்கம் தோண்டுகிறவர்கள், ஓட்டுப் போட வரிசையில் நிற்கிறவர்கள். எட்டாம் வகுப்பில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கிழிந்த இந்தியா. நான் மேலுறையை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுப் பசை காய்ச்சப் போனேன்.

அந்த மூன்று வாரம் நம் வீடு எப்படி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? தங்கச்சி கங்காருவைக் காட்டி, "நைனா, இன்னா இம்மாம்பெரிய எலி" என்றாள். "ஹார்பர்ல இத்தவிடப் பெருசு கீது, கூட்டிகினு போயி காட்டறேன்" என்றாய். கப்பலில் கோதுமை ஏற்றும் படத்தைத் தலைமாட்டில் ஒட்டச் சொன்னதும் நீதான். "அங்க அவன் ஏத்தறான், இங்க நான் எறக்கறேன். எனக்குத் தோஸ்து மாதிரி" என்று அந்த ஆளின் தோளைத் தட்டினாய்.

இன்னொன்றில் பாய்மரக் கப்பலிலிருந்து வெள்ளைக்காரர்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். கரையில் ஈட்டியோடு அந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீ அதன் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு, "இத்தினி பேரு எறங்கறானுங்களே, கேட்டுல ஒருத்தனும் சீட்டு கேக்கலியா?" என்றாய். சவரி மாமா சிரித்துப் புரையேறி, டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டார்.

எனக்கு ஒரு படத்தை மட்டும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு நாட்டின் குடிமக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று காட்டும் படம் அது. ரயிலில் யாரோ விட்டுப்போன குடையை ஒரு பெண் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்துக்கொண்டிருப்பாள். என் வயதுதான் இருக்கும். கொடிக்கயிற்றில் துணி போட்டு அவளை மறைத்து வைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் காலை பத்து மணிக்கே நீ திரும்பி வந்தாய். சட்டையில் பித்தளை வில்லை இல்லை. அது இல்லாமல் ஹார்பரில் காலையில் பெயர் கூப்பிடமாட்டார்கள், பெயர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை.

"அந்தப் பேப்பரு குப்பை இல்லியாம்மா" என்றாய். "எதோ கான்வென்ட்டுக்கு வந்ததாம். எம்பேர்ல சீட்டு கீது. நாளைக்கி எல்லாத்தையும் கொண்டாந்து வச்சி வெவரம் சொல்லணுமாம். சொல்றது சரியா இல்லேன்னா வில்லைய திருப்பித் தரமாட்டேன்னு ஷெட் ஆபீசர் வாங்கி வச்சிகினாரு."

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக உலைப்பானையைக் கொதிக்க வைத்து ஆவியைப் பேப்பரில் பிடித்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி ஓரத்திலிருந்து உரித்தேன். நீயும் சவரி மாமாவும் சாமி படங்களைக் கழற்றிக் கொடுத்து, பேப்பரைத் தாங்கிப் பிடித்தீர்கள். பதினொன்று முழுசாக வந்தன. வரைபடத்தில் மட்டும் கீழே தனியாக இருந்த தாஸ்மேனியா தீவு பலகையோடு தங்கிவிட்டது. சுரண்டினால் தூளாக வந்தது.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். ஷெட் ஆபீசர் மேஜைக்குப் பின்னால், கான்வென்ட் சிஸ்டர் பக்கத்து நாற்காலியில். ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அப்பா அம்மாவோடு அந்த நாட்டுக்கே குடிபோகிறார்களாம். போகிற ஊரின் கதையும் பூமியும் சட்டமும் தெரிந்துகொண்டு போகட்டும் என்று சிஸ்டர் எழுதிக் கேட்டு வரவழைத்த படங்கள் அவை.

ஆபீசர் உன்னைப் பார்த்து, "மேலேயே ஸ்கூலுக்குன்னு போட்டிருக்குமே. உனக்குத்தான் தெரியாது, வீட்டில படிக்கத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. சிமெண்ட் தரையைப் பார்த்துச் சொன்னாய். "இல்ல சார். நான் கைநாட்டு. பொண்ணும் இஸ்கூலுக்குப் போனதில்ல."

சிஸ்டர் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். வரைபடத்தின் ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். "இந்தத் தீவு எங்கே?" என்றார்.

"வூட்ல கீது சிஸ்டர். வர மாட்டேன்டுச்சு" என்றாய் நீ.

சிஸ்டர் முதலில் சிரித்தார், அப்புறம் ஆபீசரும் சிரித்தார். "அதை நானே வரைஞ்சுக்கறேன். இவர் மேல எனக்குப் புகார் இல்லை" என்று சிஸ்டர் சொல்ல, ஆபீசர் மேஜை டிராயரைத் திறந்து வில்லையை உன் கையில் போட்டார். வெளியே வந்து அதைச் சட்டையில் குத்தும்போது உன் விரல் இரண்டு தடவை தவறியது. மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் எனக்கு இறங்கியது. ஆனால் நீ சொன்னது மட்டும் உள்ளே தங்கிவிட்டது. எட்டு வருஷம் நீதான் என் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட கேட் வரை வந்தாய். அப்படியிருந்தும் போனதே இல்லை என்று சொல்லிவிட்டாயே. பாதியில் நின்றவள் என்று என்னைச் சொல்ல உனக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிழியாமல் உரித்த கையைப் பார்த்துத்தான் சிஸ்டர் என்னை வரச் சொன்னார். வகுப்புப் படங்களுக்குப் பின்னால் காடாத்துணி ஒட்டி, மேலும் கீழும் கட்டை கோர்த்துக் கொடுக்கிற வேலை. அன்றிலிருந்து நான் படிக்கத் தெரியாதவள். சிஸ்டர் இரக்கப்பட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எனக்கு ஏ பி சி சொல்லிக்கொடுத்தார். நானும் புதிதாகக் கற்பது போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். தெரியும் என்று சொன்னால் நீ ஆபீசில் சொன்னது பொய்யாகிவிடும். உன் வில்லை மறுபடி டிராயருக்குள் போய்விடும் என்று பயம். நீ போன பிறகும் வழக்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சவரி மாமா டீ குடித்துக்கொண்டே மாதா படத்தைப் பார்த்தார். "அதுக்குப் பின்னாடி இன்னும் அந்த மேலட்ட கீதா?" என்று கேட்டார்.

நான் எழுந்து மாதா படத்தின் முன்னால் போய் நின்றேன். மாமா தம்ளரைக் கீழே வைத்தார்.

"பேப்பரு உரிச்ச அன்னிக்கே உங்கப்பன் பாத்துட்டான். மடியில வச்சி டீக்கடைக்கு எடுத்தாந்தான். அங்க ஒரு கிளார்க்கு படிச்சி சொன்னாரு, பள்ளிக்கூடத்துக்குன்னு போட்டிருக்குதுன்னு. 'அப்ப எம்பொண்ணு தெரிஞ்சிகினுதான் ஒட்டிகீது'ன்னான். 'அடிச்சியாடா'ன்னேன். 'இன்னாத்துக்கு அடிக்கணும்? இஸ்கூல வுட்டு நிறுத்தினது நான். இஸ்கூலே வூட்டுக்கு வந்துச்சேன்னு வச்சிகிச்சு'ன்னான். திரும்ப அதே எடத்துல சொருகிட்டான். ஆபீசர் கேட்டா பொண்ணு மாட்டிக்கும், அது வாயத் தொறக்காது, அதனால படிக்கவே இல்லேன்னு சொல்லிடறேன்னான். எங்கிட்ட சத்தியம் வாங்கிகினான், உன்கிட்ட கேக்கக் கூடாதுன்னு."

மாமா போன பிறகு நெடுநேரம் அழுதேன். வருத்தத்தில் இல்லை. தலையில் கூடையோடு வெகுதூரம் நடந்து வந்தவளிடமிருந்து யாரோ கூடையை இறக்கி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அந்த மேலுறையை எடுத்துக்கொண்டு கான்வென்ட்டுக்குப் போனேன். சிஸ்டர் மேஜையில் வைத்தேன். "எனக்குப் படிக்கத் தெரியும் சிஸ்டர். அப்பவே தெரியும். இதைப் படிச்சிட்டுத்தான் ஒளிச்சு வச்சேன். எங்கப்பா எனக்காகப் பொய் சொன்னார்" என்றேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

சிஸ்டர் மேலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ ரெண்டு வருஷத்துக்கு மேல உனக்கு ஏ பி சி சொல்லிக்கொடுத்தேனே?"

"ஆமா சிஸ்டர்."

"நல்லாத்தான் கத்துக்கிட்டே." அவர் உதடு சிரிப்பை அடக்கியது. அப்புறம், "உங்க அப்பா நல்ல மனுஷன்" என்றார். பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். "படங்களுக்குப் பின்னால பேர் எழுதறது இனிமே உன் வேலை."

அவ்வளவுதான் நடந்தது, நைனா. என் வேலை போகவில்லை. உன் பேரும் போகவில்லை. நீ எனக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்யை நான் போய் எடுத்துவிட்டேன், இனி அது உனக்கு வேண்டாம்.

நேற்று புதுப் பிள்ளை ஒன்று, நான் படத்தின் பின்னால் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க எதுவரை படிச்சீங்க?" என்று கேட்டது. தலையைக் குனியாமல், எட்டாவது என்று சொன்னேன்.