ஈரக் கரியும் அரிக்கேன் விளக்கும்

என் உயிரான சவரி அண்ணனுக்கு,

உன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. முதலில் உன் மேல்தான்.

கிணற்றில் தூர் வாரப் போனால், கயிற்றில் அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்காமல் நீ கால் வைத்ததுண்டா? விளக்கு அணைந்தால் உள்ளே காற்று சரியில்லை, இறங்காதே என்று செஞ்சி முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நீ. சோடா கம்பெனித் தொட்டியில் மட்டும் ஏன் அப்படியே இறங்கினாய்?

கடலை எண்ணெய் மில்லில் குப்பையாகக் கிடந்த மல்லாட்டைத் தோலை டிரம்மில் மூடிச் சுட்டு, நீராவி பாய்ச்சி, தண்ணீரின் நாற்றத்தை உறிஞ்சும் கரியாக்க நாம் இரண்டு வருஷம் கண் எரியப் பாடுபட்டோம். அந்தக் கரியைக் கொட்டிய முதல் தொட்டி அது. உனக்கு அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்தக் கரி பழசானதும், அதை மாற்றுவதற்காகத் தண்ணீரை வடித்து, மூடி வைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்தோம். நான் விளக்கோடுதான் வந்தேன். நீ சிரித்தாய்.

"கரி மேல வெளக்க எறக்குனா பத்திக்கும் புள்ள. இது இன்னா கெணறா?"

ஈரக் கரி எப்படி அண்ணா பற்றும்? அதைக்கூட யோசிக்காமல் நானே கண்ணாடியைத் தூக்கி விளக்கை ஊதி அணைத்தேன். நீ இறங்கினாய். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டேன், பதில் இல்லை.

மூடிய இடத்தில் ஈரக் கரி பிராணவாயுவைத் தின்றுவிடுமாம். பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி வாத்தியார் பிறகுதான் சொன்னார். ஆனால் சோடா கம்பெனி முதலாளி, நீ குடித்துவிட்டு இறங்கியதாக, ஊரே கூடிப் பார்க்கும் பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்து சொன்னார். சொட்டு சாராயம் தொடாத உன்னை! கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.

நேற்று, மறுபடி மூடிக் கிடந்த அதே தொட்டியில் இறங்க வேறொரு ஆளைக் கூட்டி வந்தார். நான் விளக்கோடு போய்த் தொட்டி வாயை மறித்தேன். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்றார். நான் விளக்கை இறக்கினேன். இரண்டு முழம்கூடப் போகவில்லை, அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினேன், மறுபடி அணைந்தது. இறங்க வந்தவர் கழற்றிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வெளக்கு கூடவா குடிச்சிருக்குது?" என்று கேட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று சாயங்காலம் அதே டிவி முன்னால் அவர் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைப்பேன். சொல்லும்வரை நகர மாட்டேன்.

நான் கரி சுடுவதை நிறுத்தப் போவதில்லை அண்ணா. ஆனால் நம் கரி போகிற எந்தத் தொட்டியிலும் இனி ஆளுக்கு முன்னால் விளக்குதான் இறங்கும். யார் சிரித்தாலும் சரி, இனி நான் அதை ஊதி அணைக்க மாட்டேன்.

அன்று உன் பேச்சைக் கேட்டுவிட்ட உன் தங்கச்சி,
அமலா