சர்க்கார் ஊரில் இல்லாத நவரை

விமானக் குண்டுக்குப் பயந்து சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தை இன்று காலை சுரண்டி எடுத்தேன். யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. தண்ணீர் தெளித்ததும் பழைய மாவுப் பசை புளித்து மணத்தது. ஒட்டியவன் நீ. உள்ளேயிருந்து ஒட்ட வேண்டிய காகிதம் அது. மேலத்தெரு வீடுகளுக்குள் நீ வரக்கூடாது. ஏணி போட்டு வெளியிலிருந்து ஒட்டினாய். ஓரமெல்லாம் மழையில் உரிந்து நடுப்பாகம் மட்டும் மிச்சம்.

கூடத்தில் நைனா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டில்லியில் புது மந்திரிகள், நம்மவர்கள், பதவி ஏற்றிருக்கிறார்கள். கல்கத்தாவில் தெருத்தெருவாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒரே தாளில் இரண்டும்.

"இனிமே நம்ம ராஜ்யம்டா" என்றார் நைனா.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். இதை யாரிடம் பேசுவது? உன்னிடம்தான்.

ஜப்பான்காரனிடம் ரங்கூன் விழுந்த வருஷம். பட்டணமே மேற்கே ஓடியது. அம்பத்தூர் ரோட்டில் மாட்டு வண்டிகள், கட்டில்கள், கூண்டோடு கிளிகள். சர்க்கார் ஆபீசுகள் கடலுக்குத் தள்ளியிருந்த ஊர்களுக்கு மாற்றப்பட்டன. காலேஜ் மூடியதால் நான் ஊரில் இருந்தேன். பள்ளியில் ஒரே பெஞ்சு நாம்; பாதியில் நின்று பட்டாபிராம் ரயில் சைடிங்கில் மூட்டை தூக்கியவன் நீ. குண்டு விமானத்துக்குத் தெரியாமல் விளக்கை அணைக்கச் சொல்லித் தெருத்தெருவாகக் கத்துவது மேலத்தெருப் பிள்ளைகளுக்குக் கௌரவக் குறைவு. அதனால் வார்டன் வேலை ஏரிக்கு அந்தப்பக்கம் உங்கள் சேரிக்கு, உனக்கு வந்தது. தகரத் தொப்பி, கைப்பட்டை, விசில்.

ஸ்டேஷனில் நாம் நின்றோம். கட்டுக்கட்டாக சர்க்கார் காகிதங்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி அரக்கோணம் பக்கம் போனது. நீ அதற்கு சல்யூட் அடித்தாய்.

"சர்க்காரே பூட்சிடா. நான் ஒருத்தன் தான் கீறேன்."

ஊர் முன்னால் என்னை 'சின்னவரே' என்பாய். தனியாக இருந்தால் 'டேய்'. ஸ்டேஷனில் அன்று கூட்டம் இருந்தது. இருந்தும் 'டேய்' என்றாய். நான் கவனித்தேன்.

ஊர் அதிகாரியான மணியக்காரரும் குடும்பத்தோடு திருவள்ளூர்ப் பக்கம் போய்விட்டார். மதகு திறக்கிற ஆளும் போய்விட்டான். நவரைப் பட்டத்து நெல் பால் பிடிக்கிற நேரம். ஏரியில் முழங்கால் தண்ணீர். தண்ணீர் முறை சொல்ல ஆள் இல்லாததால் மேல் வயல்காரர்கள், எங்கள் நைனா உட்பட, வாய்க்காலை இஷ்டத்துக்கு மடக்கிக்கொண்டார்கள். உன் அப்பாவின் குத்தகை நிலம் வாய்க்கால் முடிகிற கடைமடை. அங்கே மண் வெடித்திருந்தது. இன்னும் சில நனைப்புகள் கிடைத்தால் நெல். இல்லாவிட்டால் பதர், குத்தகையும் போகும்.

நீ மதகின் மேல் ஏறி நின்று விசிலை ஊதினாய். மேல் வயல் மடையை அடை, தண்ணீரைக் கீழே விடு என்று அர்த்தம். ஆனால் விசில் கேட்டால் பள்ளத்தில் குப்புறப் படுக்க வேண்டும் என்று ஊருக்குப் பழக்கியவனும் நீதான். வயலில் நின்ற அத்தனை பேரும் வாய்க்காலுக்குள் விழுந்து படுத்தார்கள். நைனாவும். மதகைத் திறந்துவிட்டிருந்தாய். தண்ணீர் அவர்கள் மேலேயே வந்தது.

நைனா சேறு வழிய எழுந்தார். "இன்னாடா இது, குண்டா தண்ணியா?"

"தண்ணி தான் பெரியவரே. குண்டுன்னா நீட்டா ஊதுவேன். தண்ணிக்கு ரெண்டு சின்னது."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு?"

ஊரே சிரித்தது. சிரித்துவிட்டதாலோ என்னவோ ஒப்புக்கொண்டது. மறுநாள் இரண்டு சின்ன விசில். மேல் வயல் மடைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. கடைமடைக்குத் தண்ணீர் போனது. பேப்பரில் ராஜ்யங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன. இங்கே ஒரு விசில் ஆண்டது.

ஏரிக்கரையில் நான் உன்னிடம் புத்தகம் பேசினேன். அரசு இல்லாமலேயே மனிதர்கள் ஒழுங்காக இருக்க முடியும், இதோ சாட்சி என்றேன். பரபரப்பாக இருந்தேன். நீ மறுத்தாய்.

"அவங்க எனக்கா அடங்குறாங்க? விசிலுக்குப் பின்னாடி யாரோ கீறாங்கன்னு நெனச்சிகினு கீறாங்க. யாரும் இல்லன்னு உனக்கும் எனக்கும் தான் தெரியும். வெளியே சொல்லித் தொலைக்காதே."

குண்டு விழவில்லை. போனவர்கள் திரும்பினார்கள். மணியக்காரர் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே மதகுக்கு வந்தார். கடைமடைக்குக் கடைசி நனைப்பு பாக்கி இருந்தது.

"எவனைக் கேட்டுடா ஊதுனே? மதகு இன்னா உங்கப்பன் ஊட்டுதா?" கையை நீட்டினார். "கொடு."

நீ விசிலை உடனே கொடுக்கவில்லை. வாயில் வைத்து இரண்டு சின்னது ஊதினாய்.

மேல் வயலில் நைனா மண்வெட்டியோடு குனிந்தார். பழக்கம். மடையை அடைக்க ஒரு வெட்டு மண்ணையும் தூக்கிவிட்டார். அப்புறம் தலையைத் திருப்பி மணியக்காரரின் முகத்தைப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார். மண் மண்வெட்டியிலிருந்து நழுவி வரப்பிலேயே விழுந்தது. வேறு யாரும் குனியவில்லை.

"நைனா, அடைங்க!" என்று நான் கத்தினேன்.

"நீ சும்மா இரு. அவரு வந்துட்டாரு இல்ல."

கடைமடை நெல் முக்கால்வாசி பதர். குத்தகை கை மாறியது. அசாம் எல்லையில் ரோடு போட ஆள் எடுத்தபோது நீ பெயர் கொடுத்தாய். காய்ச்சலில் செத்தாய் என்று பிறகு சொன்னார்கள். எந்த மலையில் என்று உன் அப்பாவுக்கும் தெரியாது.

புறப்படுகிற அன்று ஸ்டேஷனில் என்னைச் சமாதானம் செய்தவன் நீ. "உடுடா. உங்க நைனா பாதி குனிஞ்சாரு, பாத்தே இல்ல? எனக்கு அது போதும்."

சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கும் அது போதும் என்று நினைத்திருப்பாய்.

எனக்குப் போதவில்லை. டில்லியில் யார் உட்கார்ந்தால் என்ன, எழுந்தால் என்ன என்று நான் சொல்லவில்லை. உட்காரட்டும். ஆனால் கொடி ஏற்றுகிற கூட்டத்தில் என் கண் கொடிமேல் நிற்பதில்லை. பக்கத்தில் நிற்பவனைப் பார்க்கிறேன். கை தட்டுமுன் அவன் யார் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறான் என்று பார்க்கிறேன். அன்று குனிந்த நைனா நிமிர்வதற்குள் ஒரு நொடி இருந்தது. அதில் மணியக்காரர் இல்லை, வெள்ளைக்காரன் இல்லை, மேலத்தெரு இல்லை. நீ ஊதினாய், அவர் அடைக்கப் போனார், அவ்வளவுதான்.

அந்த நொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை.