வசந்தி வாங்கிய சிடி ரைட்டர்

14-9-2002, சனிக்கிழமை

இன்று சிடி ரைட்டர் வாங்கியாயிற்று. மருமகள் வசந்தி கம்ப்யூட்டரில் புடவைப் பார்டர் டிசைன் வரைகிறாள். போன வாரம் வெளியே ஒரு கடையில் கொடுத்து அதை எழுதி வாங்கிய சிடி, பட்டு முதலாளியின் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

முதல் கடைக்காரர் வேகத்தைப் பற்றியே பேசினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வசந்தி, "ஒண்ணு எழுதிக் காட்டுங்கண்ணா" என்றாள்.

"டப்பாவப் பிரிச்சா வாங்கிக்கணும்மா."

வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது கடைக்காரர் முகம் சுளிக்காமல் பிரித்து மாட்டி, அவள் டிசைனையே எழுதிக் காட்டினார். திரையில் அன்னப்பட்சி வரிசை அழகாக வந்தது. நான் பர்ஸை எடுத்தேன்.

"இருங்க மாமா" என்றவள், சிடியோடு எதிரிலிருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

"இன்னா சார், சரிகையச் சொரண்டிப் பாக்குற மாதிரி பாக்குறாங்களே!" என்று கடைக்காரர் சிரித்தார்.

அவரவர் கையெழுத்தை அவரவர் வாசித்துவிடுவார்கள், பக்கத்துப் பையன் வாசிக்கிறானா என்பதுதான் கேள்வி. வகுப்பில் பிள்ளைகளை நோட்டுகளை மாற்றி வாசிக்கச் சொன்ன வாத்தியார் நான். கடையில் எனக்கு அது தோன்றவில்லையே!

சிடி அங்கேயும் திறந்தது. சாயங்காலம் முதலாளியிடமும் திறந்தது. அடுத்த மூன்று புடவைக்கும் அவளையே வரையச் சொன்னார்.

"நல்ல மிஷினா பாத்து வாங்கிக் குடுத்துட்டீங்க, வாத்தியாரே" என்றார்.

"நான் எங்க வாங்கினேன்? வசந்தி வாங்கினா. நான் கூடப் போனேன்" என்றேன். அதைச் சொல்ல எத்தனை சந்தோஷமாக இருந்தது!