எதிர்த்துப் பேச நீர் இல்லாத மத்தியஸ்தம்

காலையில் சுண்ணாம்பு நீற்றுகிற வாடை வந்தது. மில்லர்புரத்தில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் எடுத்திருக்கிறார்கள். தெருவோரக் குழியில் தண்ணீர் ஊற்றியதும் சுண்ணாம்பு புகைந்து கொதித்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, "இந்த ஆளு எந்த மணலைப் போடப் போறாரோ வே" என்று சொல்லிவிட்டேன். அங்கே யாரும் இல்லை. உமக்கு வலது காதுதான் நன்றாகக் கேட்கும் என்பதால் எப்போதும் நீர் என் இடப்பக்கம் நடப்பீர். சாந்து சுமக்கிற பெண் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். குடையைச் சரிசெய்கிறவன் போல நடந்து வந்துவிட்டேன்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீர் போனதிலிருந்து அடிக்கடி இப்படி ஆகிறது. வீட்டில் சொன்னால் வருத்தப்படுவார்கள், கோர்ட்டில் சொன்னால் கிண்டல் செய்வார்கள். அதனால் உமக்கே எழுதுகிறேன். பதில் போடாத பழக்கம் உமக்கு உயிரோடு இருந்தபோதே உண்டு.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய கொஞ்ச நாளில் புது மத்தியஸ்தச் சட்டம் வந்தது. நம் இரண்டு பேருக்கும் வக்கீல் தொழிலில் பெரிய ஓட்டம் இல்லாத காலம். முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் நீர் என்னைப் பிடித்து நிறுத்தினீர். "நிலத்தகராறுன்னா நிலம் அங்கனயே கிடக்கும் வே, எங்கயும் ஓடாது. கட்டடத் தகராறு அப்படியா? இவங்க வாய்தா வாங்க வாங்க சுவரு இத்துப்போவுது. இதை எப்படித் தீக்கதுன்னு நாம படிப்பமா?" என்று கேட்டீர். ஏதோ சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்பது போலக் கேட்டீர். நானும் சரி என்றேன்.

சென்னையிலிருந்து வரவழைத்த புத்தகம் உம்முடையது. நீர் வாசிப்பீர், நான் மறுப்பேன். நான் ஒப்புக்கொண்டால் உமக்குப் பிடிக்காது, உடனே கட்சி மாறி எதிர்ப்பக்கம் பேசத் தொடங்குவீர். ஞாயிற்றுக்கிழமை உம்முடைய கத்தோலிக்கப் பூசையும் என் புராட்டஸ்டண்டு ஆராதனையும் முடிந்த பிறகு, வழக்கில் நின்றுபோன கட்டடங்களைப் பார்க்கப் போவோம். நாசரேத்துக்காரனான என்னைப் பார்த்து, "உங்க பாதிரி ஐயரு பிரசங்கத்தை முடிக்கதுக்குள்ள இங்கன ஒரு மாடி எழும்பிரும்" என்று வழியெல்லாம் வம்பு பேசுவீர்.

அந்த வீடுகளை நான் மறக்கவில்லை. கூரையில்லாத கூடத்தில் ஆடு படுத்திருக்கும். அடுக்களையில் ஆமணக்கு முளைத்திருக்கும். சாரம் கட்டிய கயிறு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள், வேலை எந்த இடத்தில் நின்றது, அன்றைக்கு யார் போய்ப் பேசியிருந்தால் கோர்ட்டுக்கு வந்திருக்காது என்று நாம் வாதாடுவோம். வீட்டுக்காரரும் கொத்தனாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் அந்தச் சுவரைப் பார்க்காமலே பிராது கொடுத்துவிடுகிறார்கள் என்று நீர்தான் கண்டுபிடித்தீர். ஊரில் நமக்கு 'வழக்கு வீட்டு வக்கீல்மார்' என்று பட்டம் கிடைத்தது.

முதல் மத்தியஸ்தம் நினைவிருக்கிறதா? கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவரின் மனைவி கட்டிய வீடு. சுவரெல்லாம் உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்தது. கடல் மணலைக் கழுவாமல் போட்டார் என்று அந்த அம்மாள் சொன்னார். மகள் கல்யாணத்துக்குள் முடி என்று விரட்டியது அவர்தான் என்று மேஸ்திரி சொன்னார். அந்த அம்மாள் என்னைத் தன் பக்கத்து மத்தியஸ்தராக வைத்தார், மேஸ்திரி உம்மை வைத்தார். அந்தச் சுவருக்குக் கீழேயே எல்லோரும் உட்கார வேண்டும் என்று நீர் பிடிவாதம் பிடித்தீர்.

அங்கேதான் நாம் கெட்டோம். நம்மை வைத்தவருக்குச் சாய்ந்துவிட்டோம் என்று பேர் வந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். நான் மேஸ்திரிக்காகப் பேசப் பேச, நீர் அந்த அம்மாளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றீர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

"மேஸ்திரி, இங்க வாரும். இந்த நாசரேத்து வக்கீலு எனக்கு வந்தவரா, உமக்கு வந்தவரா?"

"எனக்கும் அதான் யோசனையா இருக்கு அம்மா. நான் கூட்டியாந்தவரு என்னைத்தான் கரிச்சுக் கொட்டுதாரு."

"ரெண்டு பேரும் எங்கயோ காசு வாங்கியிருக்காவ. இவங்க பேச்சைக் கேட்டா வீடு விளங்காது. நீரு பூச்சைச் சொரண்டி எடும். மணலைக் கழுவ நல்ல தண்ணி நான் வண்டியில கொண்டாந்து தாரேன்."

"சரி அம்மா. ஆனா விரட்டப்பிடாது."

நம் கண்ணெதிரே தகராறு தீர்ந்தது. நம்மிடம் யாரும் போய் வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. கடற்கரை ரோட்டுக்கு வந்ததும் நீர் சிரிக்கத் தொடங்கினீர். கண்ணில் தண்ணீர் வர, கற்சுவரைப் பிடித்துக்கொண்டு, "இது எந்த அத்தியாயத்துல இருக்கு வே?" என்று கேட்டீர். எனக்கு அவமானமாக இருந்தது. உமக்கோ பெரிய பாடம் கிடைத்துவிட்டது. தன் ஆள் தன்னையே மறுத்துப் பேசும்போதுதான் மனுஷன் எதிராளியின் முகத்தைப் பார்க்கிறான் என்றீர்.

அதன்பிறகு தெரிந்தே அப்படிச் செய்தோம். தொடங்குமுன் இரண்டு கட்சிக்கும் சொல்லிவிடுவோம். யுத்தத்தில் சிமெண்டுக்குக் கண்ட்ரோல் வந்து, ஒப்பந்தம் ஒன்றும் கட்டடம் ஒன்றுமாகக் கிடந்த நாட்களில் நமக்குக் கை நிறைய வேலை. சில தகராறு தீர்ந்தது, சிலது கோர்ட்டுக்கே போனது. தீர்ப்பை எழுதி முடித்ததும், கையெழுத்துக்கு முன்னால், "நீரு சொன்னது சரியில்ல வே" என்று கடைசியாக ஒருமுறை ஆரம்பிப்பீர். அப்போது எனக்கு எரிச்சலாக வரும்.

இப்போது ஒரு வழக்கு வந்திருக்கிறது. பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் கடைக்கு மேலே மாடி எடுத்தார், தளம் ஒழுகுகிறது. தளம் சரியாகப் போடவில்லை என்கிறார் அவர். ஈரம் காயுமுன் உப்பு மூட்டையை மேலே ஏற்றிவிட்டார் என்கிறார் காண்ட்ராக்டர். ஆளுக்கொரு மத்தியஸ்தரை வையுங்கள் என்றேன். "எதுக்கு சார் ரெண்டு பேரு? நீங்க ஒருத்தரே சொல்லுங்க, கட்டுப்படுதோம்" என்றார்கள் இருவரும். எனக்கு வயசாகிவிட்டது, பெயரும் கொஞ்சம் வந்துவிட்டது. அதுதான் வினை.

கேட்டேன், பார்த்தேன், சொன்னேன். காண்ட்ராக்டர் தன் செலவிலேயே தளத்தை முழுக்கப் பெயர்த்து மறுபடி போட வேண்டும் என்றேன். "நீங்க சொன்னா சரிதான்" என்று இரண்டு பேரும் கும்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து தீர்ப்பை எழுதிவைத்தேன், கையெழுத்துப் போட முடியவில்லை. அந்த மனுஷருக்குப் பிழைப்பே இந்த வேலைதான். நான் சொன்னது தப்பென்றால் அவர் அதோடு எழுந்திருக்க மாட்டார். அது தப்பா என்று கேட்க எனக்கு ஊரில் ஒரு ஆள் இல்லை. உம்மைப் போல நானே எதிர்ப்பக்கம் பேசிப் பார்த்தேன். எனக்கு நானே சொல்லும் மறுப்புக்கெல்லாம் பதிலும் என்னிடமே தயாராக இருந்தது. கோர்ட்டிலும் கோயிலிலும் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். இவ்வளவு பேர் நடுவில் இப்படித் தனியாக இருப்பேன் என்று நான் நினைத்ததில்லை வே.

இன்று மத்தியானம் திரும்பப் போனேன். இருவரையும் தளத்துக்கு அடியில் கூட்டி நிறுத்தி, "நான் சொன்னதில் என்ன தப்பு என்று சொல்லுங்கள். சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சி சோடா வரவழைக்கட்டுமா என்று கேட்டார். நான் நகரவில்லை. காண்ட்ராக்டர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் முறுக்கினார், தரையைப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிடாதீய சார். நீங்க சொன்னது சரியில்ல."

நீர் போன பிறகு என்னிடம் அதைச் சொன்ன முதல் ஆள் அவர். "சொல்லுங்க, முழுக்கச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே, அங்கே கிடந்த மணல் குவியலில் உட்கார்ந்து நான் அழுதுவிட்டேன்.