நாற்பத்திரண்டாவது பெயர்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

அணு ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போட்டதை டிவியில் பார்த்தோம். ஒரு கையெழுத்துக்கு நான்கு பேனா எதற்கு? நீ இளைத்துவிட்டாய் என்று அம்மாவுக்கு வருத்தம். எனக்கென்னவோ ஊதிப்போனதாகத்தான் தெரிந்தது.

எங்கள் கூடத்தில் யுரேனியம் சுழற்றும் எந்திரங்களை நிறுத்தி முத்திரை வைத்தாயிற்று. நல்லதுதான். குண்டு செய்ய எனக்கும் ஆசையில்லை. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு, இங்கே வேலை செய்கிற நாற்பத்திரண்டு பேரின் பெயர், போட்டோ, வீட்டு முகவரி எல்லாம் கேட்கிறதே, அது ஏன்? என் கதவு எண்ணை வைத்து எவன் குண்டு செய்யப்போகிறான்? வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் திருடர்கள் மாதிரி விழுந்திருக்கிறோம்.

நான் என் விவரம் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டேன். அளவுமானிகளைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடிக்காரர்தான் தன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் சொல்லட்டும், அப்புறம் எழுதித் தர்றேன்" என்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தயங்குகிறார்கள். என்ன சொல்லட்டும்?

உன் வாயாடித் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

உன் வாய் மட்டும் இளைக்கவேயில்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் உங்கள் கூரைமேல் குண்டு போட விமானம்தான் வரும், தெரியுமா? பட்டியல் இரும்புப் பெட்டியில் இருக்கும். இரண்டு சாவி, நமக்கொன்று, எதிர்த்தரப்புக்கொன்று. பயப்பட ஒன்றுமேயில்லை. நான் வாக்குக் கொடுத்ததாக எல்லோரிடமும் சொல்.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் நலம் நாடும் அண்ணன்

ஜூன் 20

அண்ணா,

உன் வாக்கை மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னேன். கண்ணாடிக்காரர் அங்கேயே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கக் கீழே இறங்கியவரை பைக்கில் வந்த இரண்டு பேர் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த அதே போட்டோவின் நகல் தெருவில் கிடந்தது. இரண்டு சாவியும் பத்திரமாக இருக்கிறதா? பெட்டி நல்ல கெட்டி இரும்புதானே?

நேற்று வெளிநாட்டுச் சோதனையாளர் வந்தார். உடை மாற்றும் அறையில் லாக்கர்களை எண்ணினார். நாற்பத்திரண்டு. அவர் கையிலிருந்த பட்டியலில் நாற்பத்தொரு பெயர். "யாரோ ஒருத்தர் விட்டுப்போச்சு போலிருக்கே" என்றார். எட்டிப் பார்த்தேன். என் பெயர் இல்லை.

யாரோ ஒரு குமாஸ்தா கவனக்குறைவாக விட்டுவிட்டான் என்று சொல், அண்ணா. உடனே எழுது.

தங்கை

ஜூன் 26

அன்புத் தங்கைக்கு,

யாரும் விடவில்லை. உன் தாளை நான்தான் உருவி எடுத்தேன். எந்த அண்ணன்தான் செய்யமாட்டான்?

சோதனையாளரிடம் வாய் திறக்காதே. ஓர் ஆளை மறைத்தோம் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிடும். அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். லாக்கரைக் காலி செய்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுது. கண்ணாடிக்காரருக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. பெரிய காரியத்தில் இப்படி ஒன்றிரண்டு நடக்கத்தான் செய்யும்.

அண்ணன்

ஜூலை 2

பிரதிநிதி அவர்களுக்கு,

பயப்பட ஒன்றுமேயில்லை என்று நீங்கள் எழுதியபோது என் தாள் எங்கே இருந்தது? மேஜை இழுப்பறையிலா, கோட்டுப் பையிலா?

அந்தப் பட்டியல் என்ன செய்யும் என்று உங்களுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதான் என்னை மட்டும் எடுத்தீர்கள். மற்ற நாற்பத்தொரு பேருக்கும் என் வாயாலேயே வாக்குக் கொடுத்தீர்கள். இத்தனை நாளும் உங்களை வெறும் முட்டாள் என்று நினைத்து மரியாதை வைத்திருந்தேன்.

கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரும் அதுல இருக்குல்ல? நீங்களாவது ஜாக்கிரதையா இருங்கம்மா" என்றார். "இருக்குக்கா" என்றேன். சொல்ல நா கூசியது.

அங்கிருந்து நேராகச் சோதனையாளரிடம் போனேன். பெயர், போட்டோ, கதவு எண் எல்லாம் கொடுத்தேன். அவர் நீட்டிய படிவத்தில் ஏன் விடுபட்டது என்று கேட்ட கட்டத்தில், பேச்சுவார்த்தைக் குழுவில் இருக்கும் என் அண்ணன் எடுத்துவிட்டார் என்று எழுதினேன். ஒப்பந்தம் கிழிந்தால் கிழித்தவர் நீங்கள். அந்த நான்கு பேனாவை வைத்து ஒட்டிப் பாருங்கள்.

அம்மாவை நாளை சித்தி வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன். காரணம் சொல்லவில்லை. தைலம் தீர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன். அந்த அக்காவிடம் நான் சொன்னது இப்போது பொய்யில்லை.

இப்படிக்கு,
எண் நாற்பத்திரண்டு